சித்தப்பா மகள்

ஜூன் 9, ஞாயிறு

வடிவின் அம்மா இறந்துவிட்டார். காலையில் வடிவு தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. "ம்... எப்ப? ம்..." என்று கேட்டுவிட்டு வைத்தாள். கல்லில் இருந்த தோசையைத் திருப்பிப் போட்டாள். வெந்ததும் எடுத்து என் தட்டில் வைத்தாள். அடுப்பை அணைத்தாள். அப்புறம்தான் சொன்னாள்.

"நானும் வரட்டுமா?" என்று கேட்டேன்.

"நீ எங்கட்டி வர? வந்தா யாருன்னு சொல்ல?"

கோபமாகச் சொல்லவில்லை. பையில் இரண்டு புடவையும் மாத்திரை டப்பாவும் வைத்துக் கொடுத்தேன். கிளாம்பாக்கம் வரை கூடப் போய்த் திருநெல்வேலி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்தவள் கையை மட்டும் வெளியே நீட்டினாள். சுற்றிலும் ஆட்கள். அக்கா தங்கை பிடித்துக்கொள்வது மாதிரி அளவாகப் பிடித்துவிட்டு விட்டுவிட்டேன்.

திரும்பி வந்தால் அந்தத் தோசை தட்டிலேயே காய்ந்து கிடக்கிறது. தின்னவும் முடியவில்லை, குப்பையில் போடவும் மனசு வரவில்லை. கடைசியில் காக்காய்க்கு வைத்தேன். காக்காய் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அதற்கென்ன, பக்கத்து மாடியில் பூரி போட்டிருப்பார்கள்.

இது லென்ஸ் கம்பெனிக்காரர் நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்குக் கொடுத்த டைரி. காஸ் சிலிண்டர் வந்த தேதியைத் தவிர இதில் நான் எதுவும் எழுதியதில்லை. வடிவு இல்லாத வீட்டில் பேச ஆளில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஜூன் 10, திங்கள்

காலையில் குளித்துவிட்டு வழக்கம்போல் விளக்கேற்றினேன். கீழ் வீட்டுச் சுலோச்சனாம்மா படியேறி வந்தார். வீட்டுக்காரம்மா. முழங்கால் வலியோடு மாடிக்கு வருகிறார் என்றால் ஏதோ பெரிய விஷயம்.

"இன்னாமா தமயந்தி, வெளக்கு ஏத்தி வெச்சிருக்க? செத்தது யாரு? உங்க பெரிம்மா. நீ பங்காளி ஊட்டுப் பொண்ணு. பதினாறு நாளு தீட்டு. சாமி படத்துக்குத் துணி போட்டு மூடு."

"எனக்கும் உண்டாம்மா?"

"பின்ன? கல்யாணம் கட்டிக்கினு வேற ஊட்டுக்குப் போயிருந்தா மூணு நாளோட போயிருக்கும். நீதான் கட்டிக்கலியே."

அவரே விளக்கை மலரால் குளிர வைத்துவிட்டு, என் துப்பட்டா ஒன்றை எடுத்து முருகனை மூடினார். போகும்போது என் தலையைப் பிடித்து வயிற்றோடு அணைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. வராததைப் பார்த்து, "அதிர்ச்சில கீற" என்றார்.

எல்லாம் வடிவின் வாயால் வந்தது. ஒன்பது வருடம் முன்னால், அயனாவரத்தில் ஏழெட்டு வீட்டில் இல்லை என்று சொல்லிவிட்ட பிறகு, இந்த வீட்டைப் பார்க்க வந்தோம். "ரெண்டு பேரும் இன்னா ஒறவு?" என்று சுலோச்சனாம்மா கேட்டார். சிநேகிதிகள் என்று சொல்லலாம் என்றுதான் பேசி வைத்திருந்தோம். வடிவு பதறிப்போய், "சித்தப்பா மக" என்று சொல்லிவிட்டாள். அரக்கோணத்தில் ரயில்வே கலாசிக்குப் பிறந்த நான் ஒரே நொடியில் வடிவைப் போல வீரவநல்லூர்க்காரி ஆனேன். இவளைவிட நான் இரண்டு வயது மூத்தவள் வேறு. "அதெப்படி சித்தப்பா பொண்ணு பெரியவ?" என்று கேள்வி வந்தது. சித்தப்பாவுக்கு முதலில் கல்யாணம் ஆகிவிட்டது என்று சொன்னோம். பொய்க்குப் பொய்யாக முட்டுக்கொடுத்துக் கட்டிய வீடு இது.

உண்மையில் வடிவின் அப்பாவுக்கு உடன்பிறந்தவர்கள் இரண்டு பெண்கள் மட்டும்தான். சித்தப்பாவே கிடையாது. சித்தி மகள் என்று சொல்லித் தொலைத்திருந்தால் எனக்குத் தீட்டே வந்திருக்காது.

ஜூன் 11, செவ்வாய்

சுலோச்சனாம்மா ரசம் சாதமும் அப்பளமும் கொடுத்து அனுப்பினார். துக்க வீட்டுக்குச் சமைத்து அனுப்புவது முறையாம். கடைக்கு லீவு போட்டதற்கு முதலாளியும் ஒன்றும் சொல்லவில்லை. "பெரியம்மான்னா அம்மா மாதிரிதானே" என்றார். கண்ணாடிக் கடையில் பதினான்கு வருடமாக எல்லார் கண்ணுக்கும் ஏற்றதை எடுத்துக் கொடுக்கிறேன். என் முகத்தை இப்படி யாரும் நின்று பார்த்ததில்லை.

என் சொந்த அம்மா செத்தபோது எனக்குத் தகவலே வரவில்லை. அரக்கோணத்தில் என்னைத் தலைமுழுகிப் பல வருடமாயிற்று. மூன்று மாதம் கழித்து மார்க்கெட்டில் யாரோ சொல்லித் தெரிந்தது. அன்றைக்கு வடிவு எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டாள். வேறு யாருக்கும் தெரியாது.

ஜூன் 12, புதன்

வடிவு பேசினாள். பேசினாள் என்பதைவிடப் பேசுவதுபோல் நடித்தாள் எனலாம்.

"ஆமா டீச்சர். ஆமா. எல்லாம் நல்லபடியா முடிஞ்சு. ஸ்கூல்ல சொல்லிருங்க டீச்சர்."

அவள் போனில் என் பெயர் 'தமயந்தி டீச்சர்'. அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து ஆள் என்று அவள் வீட்டில் நினைப்பு. இங்கே நான் அக்கா, அங்கே டீச்சர். கதவைச் சாத்திய பிறகுதான் ஏட்டி.

"சாப்டியா?" என்றேன்.

"சரி டீச்சர்."

"தலைவலி மாத்திரை பையில சைடு ஜிப்புல இருக்கு."

"பாத்துட்டேன் டீச்சர்" என்றாள். அந்த இடத்தில் குரல் உடைந்துவிட்டது. வைத்துவிட்டாள்.

ஜூன் 13, வியாழன்

துவைத்தேன். அவள் நைட்டியைத் துவைக்கவில்லை.

ஜூன் 14, வெள்ளி

இன்று வடிவின் அம்மாவுக்காக அழுதேன். ஒருவழியாக வந்தது. எதற்காக வந்தது என்று எழுதி வைக்கிறேன்.

இந்த வீட்டில் இரண்டு அறை, இரண்டு கட்டில். உள் அறையில் இருப்பது எங்கள் கட்டில். முன் அறையில் இருப்பது ஊருக்குக் காட்டுவதற்கு. யாராவது வந்தால், "இது தமயந்தி கட்டில், அது வடிவு கட்டில்" என்று சொல்வோம். மெத்தை, தலையணை, பூப்போட்ட விரிப்பு எல்லாம் உண்டு. அதில் துணி மடித்து வைப்போம், வடிவு விடைத்தாள் அடுக்குவாள். ஒரு நாளும் யாரும் படுத்ததில்லை.

நான்கு வருடம் முன்னால் வடிவின் அம்மா கண்புரை ஆபரேஷனுக்கு வந்தார். வாடகை பங்கு போட ஒரு டீச்சர் கூட இருக்கிறாள் என்று வடிவு சொல்லி வைத்திருந்தாள். வந்த அன்று மத்தியானம் சாய்வதற்கு முன் அறைக் கட்டிலில் உட்கார்ந்தார். சரசரவென்று சத்தம். விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். மெத்தையின் பிளாஸ்டிக் உறை, வாங்கி வந்தபடியே இருந்தது. ஐந்து வருடம்! கிழிக்க வேண்டும் என்று எங்கள் இரண்டு மண்டைக்கும் தோன்றவில்லை.

நான் சமையலறை வாசலில் நின்றேன். வடிவு பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

"இதுல யாரு படுக்கா?" என்று கேட்டார்.

அம்மா உள் அறையை எட்டிப் பார்த்தார். அங்கே இரண்டு தலையணை. ஒரு பக்கம் என் கண்ணாடி, மறுபக்கம் அவள் தைலம். வெகுநேரம் பார்த்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார் என்றே நினைத்தேன்.

"அந்தக் கத்தரிக்கோலை எடு" என்றார்.

அவரே உறையைக் கிழித்தார். ஆபரேஷனுக்கு வந்த கண்ணோடு குனிந்து, நாலு மூலையும் உருவி, சுருட்டி என் கையில் கொடுத்தார். "வேர்க்கும்லா" என்றார். அவ்வளவுதான். படுத்துத் தூங்கிவிட்டார்.

சாயங்காலம் சுலோச்சனாம்மா பார்க்க வந்தார். "உங்க கொழுந்தனார் பொண்ணு தங்கமான பொண்ணும்மா" என்றார். நாங்கள் இருவரும் செத்தோம் என்று நின்றோம். அப்படியொரு கொழுந்தனார் பிறக்கவே இல்லை. அம்மா ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார்.

"ஆமா, எங் கொழுந்தன் மக. சின்னதுலயே தாய் தகப்பன் இல்ல. எங்கிட்டதான் வளந்தா" என்றார்.

அப்படியே புதுச் சித்தப்பாவைப் பெற்றெடுத்து, கூடவே கொன்றும் போட்டார். அதன் பிறகு அந்தக் கிழவிகள் இருவரும் வாராவாரம் போனில் பேசிக்கொள்வார்கள். என்னிடம் அம்மா ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. தீபாவளிக்கு வடிவுக்குப் புடவை அனுப்பினால் எனக்கும் ஒன்று வரும். ஒரே விலை, வேறு நிறம்.

இவ்வளவு நாளும் அவரை வடிவின் அம்மா என்றே எழுதிவிட்டேன். பெரியம்மா என்று எழுதினால் என்ன? அவரே கொடுத்த உறவுதானே.

ஜூன் 16, ஞாயிறு

வடிவு மொட்டைமாடிக்குப் போய்ப் பேசினாள். இந்தத் தடவை டீச்சர் இல்லை.

"ஏட்டி, ஒண்ணு கேப்பேன். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிரு."

"கேளு."

"அப்பாவ அங்க கூட்டிட்டு வரட்டா?"

அவள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடம் ஆகிறது. வலது பக்கம் வராது, பேச்சும் குழறும். இத்தனை நாளும் பெரியம்மாதான் பார்த்தார். இப்போது அண்ணன் குமரேசனுக்கு உரக்கடை, மதினிக்கு பேங்க் வேலை. பகலில் ஆளில்லை. மெட்ராஸில் பிசியோதெரபி நன்றாக இருக்கும் என்று வடிவு பக்குவமாகச் சொன்னாளாம். அண்ணன் சரி என்றுவிட்டானாம். அவனுக்கும் பாரம் இறங்கியது போலத்தான்.

"கட்டில் இருக்கே" என்றேன்.

அவள் சிரித்தாள். ஒரு வாரத்துக்கு அப்புறம் அந்தச் சிரிப்பைக் கேட்டேன். "அந்தக் கட்டிலுக்கு ஒருவழியா ஆள் கிடைச்சாச்சு. கருமாதி முடிஞ்ச மறுநாள் கிளம்பிருவோம்ட்டி" என்றாள்.

"மூணு பேருக்கும் சேத்து சொதி வெக்கக் கத்துக்கோ" என்றும் சொன்னாள். ஒன்பது வருடமாக என் சொதி தேங்காய்ப்பால் ரசம் போல இருக்கிறது என்று அவளுக்குக் குறை. அரக்கோணத்தில் சொதி கிடையாது, நான் என்ன செய்ய?

ஜூன் 18, செவ்வாய்

பிளம்பர் வந்தார். பாத்ரூமில் பிடித்து எழ ஸ்டீல் கம்பி இரண்டு போட்டாயிற்று. வாசற்படிக்கு ரப்பர் விரிப்பு. முன் அறைக் கட்டிலைச் சுவரோரம் நகர்த்தினேன், வலது கை வராதவருக்கு இடது பக்கம் திறந்திருக்க வேண்டும். துணி மூட்டைகளை எல்லாம் உள்ளே கொண்டுபோனேன். மெத்தையை மொட்டைமாடியில் காயப் போட்டேன். சுலோச்சனாம்மா கீழிருந்து, "பெரியப்பா வராரா? வரட்டும் வரட்டும். பொம்பளப் புள்ளைங்க தனியா கீறதுக்கு ஒரு ஆம்பள இருந்தா நல்லதுதான்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்.

அப்பாவின் பழைய கண்ணாடிச் சீட்டை வடிவு போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். ஆறு வருடப் பழைய பவர், வந்ததும் புதிதாகப் பரிசோதிக்க வேண்டும். அதுவரைக்கும் ஆகட்டும் என்று கடையில் ஒரு ஜோடி போட்டேன். ஒரு பக்கமாகவே படுத்திருப்பவருக்குக் காதோரம் அழுத்தாத லேசான பிரேம். லென்ஸை நானே உரசி, நானே பொருத்தினேன்.

தீட்டு வீட்டில் சந்தோஷப்படக் கூடாது. ஆனாலும் இன்று நான் பாட்டு முணுமுணுத்தபடி பெருக்கினேன். பெரியம்மா மன்னிப்பார்.

ஜூன் 20, வியாழன்

சுலோச்சனாம்மா என்னைக் கீழே கூப்பிட்டார். முகமெல்லாம் நிறைவு. காபி கொடுத்தார்.

"இன்னிக்கு உங்க ஊருக்கு போன் பண்ணி துக்கம் கேட்டேம்மா. இத்தினி நாளு கேக்காம கீறமேன்னு உறுத்திக்கினே இருந்தது."

"வடிவு நம்பருக்கா?"

"அதுக்கு எதுக்கு? ஊட்டுப் பெரியவங்ககிட்ட இல்ல கேக்கணும்? உங்க பெரிம்மா நம்பருக்குத்தான். புள்ள எடுத்தாரு. கொமரேசன்தானே பேரு?"

கையில் காபி சுட்டது. வைக்கத் தோன்றவில்லை.

"நல்லாத்தான் பேசுனாரு. நானும் நாலு வார்த்தை கேட்டேன். இன்னாப்பா, உங்க சித்தப்பா பொண்ணு இங்க ஒண்டியா தீட்டு காத்துக்கினு கெடக்குது, ஒரு வேளை சோறு துண்ண மாட்டேங்குது, பெரிம்மா மொகத்தக்கூட பாக்க வுடாம வுட்டீங்களே, இது நாயமான்னேன். தாய் தகப்பன் இல்லாத பொண்ணு, உங்கம்மா வளத்த பொண்ணாச்சேன்னேன். கருமாதிக்கு அழைச்சிக்கினு போங்கன்னேன். கேக்க வேண்டியத யாராவது கேக்கணும் இல்ல?"

"அவர் என்னம்மா சொன்னார்?"

"ஒண்ணும் பேசல. அப்புறம், 'எந்த சித்தப்பா பொண்ணு'ன்னாரு. தமயந்திப்பா, வடிவுகூட ஒரே ஊட்ல ஒம்பது வருஷமா கீதே, அந்தப் பொண்ணுன்னேன். சரிங்கம்மான்னு வெச்சிட்டாரு. குத்தம் உள்ள நெஞ்சு, பேச்சு வராது."

எனக்காக ஒருவர் சண்டை போட்டிருக்கிறார். என் ஆயுளில் முதல் தடவை. அந்த அம்மாவிடம் நான் என்ன சொல்வேன்? காபியைக் குடித்துவிட்டு, "தேங்க்ஸ்மா" என்றேன். படியேறும்போது ஒவ்வொரு படியிலும் நின்றேன்.

வடிவுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஜூன் 21, வெள்ளி

எடுக்கவில்லை.

ஜூன் 22, சனி

வாய்க்கால் கரையிலிருந்து பேசினாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

"அண்ணன் கேட்டான்ட்டி, நமக்கு ஏது சித்தப்பான்னு."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல? சொல்லலன்னாலும் அவனுக்கு வெளங்கிட்டு. டீச்சர்ங்கதும் இதுதானான்னு கேட்டான்."

"சத்தம் போட்டாரா?"

"போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். மெதுவாத்தான் சொல்லுதான். அப்பா அந்த வீட்டுக்கு வர மாட்டாராம். அவன் உசுரோட இருக்க வரைக்கும் அனுப்ப மாட்டானாம். நான் போறதுன்னா போகலாமாம். நான் போயிட்டா அப்பாவப் பாளையங்கோட்டைல ஒரு ஹோம்ல சேத்துருவானாம். பகல்ல பாக்க ஆள் இல்லல்லா. அதுல பொய்யும் இல்லட்டி."

நான் சுலோச்சனாம்மாவைத் திட்டினேன். கன்னாபின்னாவென்று திட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு வடிவு சொன்னாள்:

"அவுகள ஒண்ணும் சொல்லாத. அம்மா சாவுக்கு உங்கிட்டத் துக்கம் கேட்ட ஒரே ஆளு அவுகதான்."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"அப்பா என் கையால மட்டும்தாம்ட்டி சாப்பிடுதாரு" என்றாள்.

ஜூன் 23, ஞாயிறு

ஒரு யோசனைக்கு மேல் ஒரு யோசனையாக வருகிறது. திருநெல்வேலியில் வீடு எடுக்கலாம். அங்கேயும் கண்ணாடிக் கடை இருக்கும். வக்கீலைப் பார்க்கலாம். குமரேசன் காலில் விழலாம். எல்லாவற்றையும் யோசித்துவிட்டு ஸ்டீல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமில் உட்கார்ந்திருந்தேன். கம்பி நன்றாகத்தான் தாங்குகிறது.

ஜூன் 24, திங்கள்

இன்று பதினாறாம் நாள்.

வடிவு காலையில் பேசினாள். மொட்டைமாடியிலிருந்தும் இல்லை, வாய்க்கால் கரையிலிருந்தும் இல்லை. சுற்றிலும் பாத்திரச் சத்தம், ஆட்கள் பேச்சு, ஐயர் ஏதோ கேட்கிறார். வீட்டு நடுக்கூடத்தில் நிற்கிறாள் என்று தெரிந்தது.

"ஏட்டி" என்றாள்.

அவ்வளவு பேர் நடுவில் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. பக்கத்தில் ஒரு பெண் குரல், "யாருட்டப் பேசுத?" என்று கேட்டது. "தமயந்திட்ட" என்றாள் வடிவு. டீச்சரும் இல்லை, அக்காவும் இல்லை.

"நான் இங்கயேதான் இருக்கப் போறேன்ட்டி. அப்பா இருக்க வரைக்கும்."

எனக்குத் தெரிந்ததுதான். முந்தாநாளே தெரியும்.

"நான் அங்க வந்துரட்டுமா?"

"வந்து? யாருன்னு சொல்ல?"

"சித்தப்பா மகன்னு சொல்லு."

சிரித்தாள். சிரிப்பிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். பின்னால் பேச்செல்லாம் ஒருநொடி நின்றதுபோல் இருந்தது. அழட்டும், அம்மாவுக்கு அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். அவளுக்கும் அந்த வசதி இருக்கிறது.

வா என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் வந்திருப்பாள். வந்து, பாளையங்கோட்டையில் யாரோ ஒருத்தி கையால் சாப்பிட மறுக்கும் அப்பாவை நினைத்துத் தினமும் என் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவாள். அந்த வடிவு எனக்கு வேண்டாம்.

"அப்பாவுக்குக் கண்ணாடி ரெடியா இருக்கு. அனுப்பி வைக்கிறேன்" என்றேன்.

"ம்" என்றாள்.

"இடது பக்கம் படுக்கும்போது கழட்டிரு. காது புண்ணாகும்."

"சரிட்டி."

அதற்குமேல் ஐயர் கூப்பிட்டுவிட்டார்.

போனை வைத்துக் கொஞ்ச நேரத்தில் சுலோச்சனாம்மா வந்தார். ஒரு கையில் நல்லெண்ணெய்க் கிண்ணம், மறு கையில் சீயக்காய். தோளில் புதுத் துண்டு.

"உனக்கு எண்ணெ வெக்க மாமன் மச்சான் யாரும் இங்க இல்ல. நானே வெச்சுடுறேன். உக்காரு."

பாத்ரூமில் மணை போட்டு உட்கார வைத்தார். உச்சியில் மூன்று தடவை எண்ணெய் வைத்துவிட்டு, அப்புறம் நன்றாகவே தேய்த்தார். முழங்கால் வலிக்கிறவர் நின்றுகொண்டே தேய்த்தார், விழாமலிருக்கப் புதுக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். "கம்பி நல்லா போட்டுக்கீற. பெரியப்பா எப்ப வராரு?" என்று கேட்டார்.

"கொஞ்ச நாளாகும்மா."

"வடிவு?"

"அவளும்தான்."

இந்த இடத்தில் சொல்லிவிடலாம் என்று இருந்தது. நீங்கள் செய்த போனால்தான் என்று ஒரே வரி. அந்தக் கை என் உச்சியில் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டிருந்தது. என் அம்மாவின் கை இப்படித்தான் இருந்ததா என்று ஞாபகமில்லை. சொல்லவில்லை. என்றைக்கும் சொல்லமாட்டேன்.

தண்ணீர் ஊற்றினார். "இத்தோட தீட்டு வுட்டுச்சு. வெளக்கு ஏத்து, கோயிலுக்குப் போ, பூ வெச்சிக்கோ. ஆனா ஒண்ணு. இனிமே அழக்கூடாது. பதினாறுக்கு மேல அழுதா போனவங்களுக்கு ஆவாது. அழுவறதுக்குன்னு குடுத்த நாளு முடிஞ்சுபோச்சு."

அவர் சொல்லி முடிக்கவில்லை, நான் அழ ஆரம்பித்துவிட்டேன். இத்தனை நாளும் அழு அழு என்று எல்லோரும் சொன்னார்கள். அப்போது ஒழுங்காக வரவில்லை. முடிந்துபோயிற்று என்றபிறகு நிற்கமாட்டேன் என்கிறது.

"சீயக்கா கண்ணுல பட்டுதா?"

"ஆமாம்மா."

"கண்ண மூடிக்கோ" என்று இன்னொரு சொம்பு ஊற்றினார்.

ஜூன் 25, செவ்வாய்

விளக்கேற்றினேன். முருகன் பதினாறு நாளாக என் துப்பட்டாவுக்குள் இருந்ததில் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

ஜூன் 29, சனி

கண்ணாடி போய்ச் சேர்ந்துவிட்டது. போட்டோ அனுப்பியிருந்தாள். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு எங்கேயோ பார்க்கிறார். பிரேம் சரியாக உட்கார்ந்திருக்கிறது. போட்டோவின் ஓரத்தில் வடிவின் கை மட்டும் தெரிகிறது, ஸ்பூனோடு. அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

சொதி வைத்தேன். நன்றாக வந்தது. இத்தனை வருடமும் மொத்தத் தேங்காய்ப்பாலையும் முதலிலேயே ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். முதல் பாலை அடுப்பை அணைத்த பிறகுதான் ஊற்ற வேண்டும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கீழே ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "உங்க ஊரு சமையலே தனிம்மா" என்றார் சுலோச்சனாம்மா.

உள் அறையில் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அந்தக் கட்டில் ஒருத்திக்கு ரொம்ப அகலம். தைலம் இன்னும் அவள் பக்கத்தில் இருக்கிறது. அதனால் இன்று மத்தியானம் முன் அறைக்கு வந்து, பூப்போட்ட விரிப்பை விரித்துப் படுத்தேன். சத்தமே வரவில்லை. பெரியம்மா அந்த உறையைக் கிழித்துவிட்டுப் போயிருந்தார்.

தமயந்தி கட்டில் எது என்று இனி யார் வந்து கேட்டாலும் பொய் சொல்ல வேண்டியதில்லை.